கூலி: இது யார் வீட்டுச் சொல்?



ஒரு சின்ன சீன். முழுக்க முழுக்கக் கற்பனைதான். சீனாவில் ஏதோ ஒரு காலேஜ் ஹாஸ்டல். ராத்திரி பதினோரு மணி. மறுநாள் இங்கிலீஷ் பரீட்சை. ஒரு பையன் கையில் ஹிஸ்டரி பற்றிய ஒரு பாடம். அதில் கண்ணில் படுகிறது 'கூலி' என்கிற இங்கிலீஷ் வார்த்தை. பையன் துள்ளிக் குதிக்கிறான். "அட, இது எங்க ஊர் வார்த்தையாச்சே! வெள்ளைக்காரன் எங்ககிட்டேர்ந்துதான் சுட்டிருக்கான்!"

இப்போ கேமராவை அப்படியே திருநெல்வேலிக்குத் திருப்புங்க. லேடீஸ் ஹாஸ்டல். அதே வார்த்தை, அதே துள்ளல். "ஏய், இது நம்ம தமிழ் வார்த்தைடீ!"

ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்கிறார்கள். ரெண்டு பேரும் சரியாக இருக்க முடியாது. ஆனா, ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாக இருக்கலாம் இல்லையா? அதுதான் இந்த வார மேட்டர். வாரா வாரம் ஒரு வார்த்தையைப் பிடித்து அதன் பூர்வீகத்தைத் தோண்டுகிற இந்தப் பக்கத்தில், இந்த வாரம் மாட்டியது கூலி.

கசப்பு + பலம்

முதலில் சீனப் பையன் கட்சியைக் கேட்போம். அவன் துள்ளுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

சீன மொழியில் உடம்பை வருத்தி வேலை செய்கிற தொழிலாளிக்கு 'குலி' என்று ஒரு சொல் உண்டு. எழுதினால் ரெண்டே எழுத்து. முதல் எழுத்து 'கு'. அர்த்தம் கசப்பு. ரெண்டாவது எழுத்து 'லி'. அர்த்தம் பலம். சேர்த்துப் படித்தால் 'கசப்பான பலம்', அதாவது கஷ்டப்பட்டு உழைக்கிற உழைப்பு.

இந்த 'கு' சீனர்களுக்கு ரொம்ப நெருக்கமான எழுத்து. நம்ம பாகற்காய்க்கு அங்கே பெயர் 'குகுவா'. கசப்புக் காய் என்று அர்த்தம். கஷ்டத்தைத் தாங்கிக்கொள்வதற்கு 'ச்சு கு' என்பார்கள். அப்படியே சொன்னால் 'கசப்பைச் சாப்பிடு'. "அவன் கசப்பைச் சாப்பிடத் தெரிஞ்சவன்" என்று ஒருத்தரைப் பற்றிச் சொன்னால் அங்கே பெரிய பாராட்டு.

ஆக, முதுகு ஒடிய மூட்டை தூக்குகிறவனுக்குக் 'கசப்பு பலம்' என்று பெயர். ஒலியும் பொருந்துகிறது, அர்த்தமும் பொருந்துகிறது. இதைவிட வேறென்ன ஆதாரம் வேணும் என்று பையன் கேட்கிறான்.

இங்கேதான் பாஸ் ட்ரிக்கே இருக்கு.

சீன மொழிக்கு அ, ஆ, இ, ஈ மாதிரி எழுத்து வரிசை கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஒலி உண்டு, கூடவே ஒரு அர்த்தமும் ஒட்டிக்கொண்டே வரும். வெளியூர் வார்த்தை ஒன்று உள்ளே வந்தால், அந்த ஒலிக்குப் பொருத்தமான எழுத்துகளைத் தேட வேண்டும். ஒரே ஒலிக்குப் பத்து, இருபது எழுத்துகள் இருக்கும். அதில் அர்த்தமும் பொருந்துகிற எழுத்தாகப் பார்த்துப் பொறுக்கினால் ஜாக்பாட்!

கோகோ கோலாவை எடுத்துக்கோங்க. சீனத்தில் 'கெகோ கெலெ'. முதல் பாதிக்கு 'வாய்க்கு ருசி', அடுத்த பாதிக்கு 'சந்தோஷப்படலாம்' என்று அர்த்தம். அதற்காகக் கோலா சீனத்துச் சொல் ஆகிவிடுமா? கம்ப்யூட்டரில் புகுந்து விளையாடும் ஹேக்கர்களுக்கு 'ஹெய்கெ' என்று பெயர். அர்த்தம் 'கறுப்பு விருந்தாளி'. சூப்பர் இல்லே? அழைக்காமல் இருட்டில் வருகிற விருந்தாளி! ஆனாலும் பிறந்தது அமெரிக்க இங்கிலீஷில்தான்.

'குலி'யும் அதே ரகம். வெளியிலிருந்து வந்த ஒலிக்கு, உள்ளூரில் ஒரு கசப்பான சட்டை மாட்டி விட்டார்கள். சட்டை அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டதால், பிறந்ததே அந்தச் சட்டையோடுதான் என்று பலரும் நம்பிவிட்டார்கள். சீன மொழியின் அகராதிகளே இதை இங்கிலீஷிலிருந்து வந்த கடன் சொல் என்றுதான் குறிக்கின்றன.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஹாங்காங் பக்கம் பேசுகிற கான்டனீஸ் மொழியில் இதே ரெண்டு எழுத்துகளை 'ஃபூ லிக்' என்று படிப்பார்கள். கூலி ஒலியே வராது. அதனால் அங்கே பேச்சில் 'கூ லே' மாதிரி ஒலிக்கிற வேறு ரெண்டு எழுத்துகளைப் போட்டு எழுதினார்கள். அதில் கசப்பும் இல்லை, பலமும் இல்லை, வெறும் சத்தம்தான். சொந்தச் சொல்லாக இருந்தால் எதற்கு இந்த அவஸ்தை?

தேதி பொய் சொல்லாது

வார்த்தை ஆராய்ச்சியில் ஒரு தங்க விதி உண்டு. ஒலி ஒத்துப்போவதை மட்டும் நம்பாதே, தேதியைப் பார்!

17-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் இருந்த ஐரோப்பிய வியாபாரிகளின் எழுத்துகளில் இந்தச் சொல் நடமாடுகிறது. சுமை தூக்குகிறவர், கூலிக்கு வேலை செய்கிறவர் என்கிற அர்த்தத்தில்தான். சீனாவிலிருந்து தொழிலாளர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றுவது ஆரம்பித்தது 1840-களில். நடுவில் ரெண்டு நூற்றாண்டு இடைவெளி. அப்பா பிறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளை பிறக்க முடியாதே!

ஆக, சீனப் பையனின் கேஸ் தள்ளுபடி. திருநெல்வேலிப் பொண்ணு காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறாள். இரு தாயே, உன் கேஸையும் பார்த்துவிடலாம்.

நம்ம கட்சி

தமிழில் 'கூலி' ரொம்பப் பழைய சொல். திருக்குறளிலேயே இருக்கிறது. ஆள்வினையுடைமை அதிகாரம், 619-வது குறள். ஸ்கூலில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். தெய்வமே கைவிட்டாலும் முயற்சி தன் உழைப்புக்கேற்ற கூலியைக் கொடுத்தே தீரும் என்கிறார் வள்ளுவர்.

ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? வள்ளுவர் சொல்கிற கூலி ஆள் இல்லை, சம்பளம்! இன்றைக்கும் தமிழில் கூலி என்றால் பணம்தான் முதல் அர்த்தம். ஆளைச் சொல்ல வேண்டும் என்றால் கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி என்று ஒட்டுப் போடுகிறோம். இங்கிலீஷில் அப்படி இல்லை. அங்கே கூலி என்றால் ஆள் மட்டும்தான்.

அப்படியென்றால் தமிழ்தான் பூர்வீகமா? இங்கே ஒரு எதிர்க்கட்சி இருக்கிறது. அதன் பெயர் 'கோலி'. குஜராத், கொங்கணக் கடற்கரைப் பக்கம் வாழும் ஒரு சமூகம். பம்பாய்த் தீவுகளின் பழைய மீனவக் குடிகளும் கோலிகள்தான். போர்ச்சுக்கீசியர்கள் இந்தியாவில் முதலில் காலூன்றியது மேற்குக் கடற்கரையில். அவர்களுக்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே கோலிகளைத் தெரியும். அந்தச் சமூகத்தின் பெயரே மெல்ல மெல்ல 'வேலைக்கு அமர்த்தும் ஆள்' என்று ஆகிவிட்டது என்பது ஒரு கட்சி. தமிழ்க் கூலிதான் மூலம் என்பது இன்னொரு கட்சி.

1886-ல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று ஒரு அகராதி வந்தது. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேசிய கலப்பு இங்கிலீஷுக்கான அகராதி. எழுதியவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் பர்னல். இதில் பர்னல் நம்ம தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அந்த அகராதியும் ரெண்டு கட்சியையும் எடுத்து வைத்துவிட்டு, கோலி பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. இன்றைய அகராதிகள் பலவும் கோலியை முதலில் போட்டு, தமிழ்க் கூலியும் சேர்ந்துகொண்டிருக்கலாம் என்கின்றன.

யோசித்துப் பார்த்தால் அதுவும் நடக்கக்கூடியதுதான். மேற்குக் கரையில் ஆளுக்குப் பெயர் கோலி. கிழக்குக் கரையில் அந்த ஆளுக்குக் கொடுக்கிற காசுக்குப் பெயர் கூலி. ரெண்டு கரைக்கும் மாறி மாறிப் போன வெள்ளைக்காரன் காதில் ரெண்டும் ஒன்றாகிவிட்டது.

எனவே தாயே, உன் கேஸும் முழு வெற்றி இல்லை. பாதி ஜெயம். தமிழ் மேல் பாசம் இருக்கலாம், தப்பே இல்லை. ஆனா 'எல்லாம் எங்க வார்த்தைதான்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், ஹாஸ்டலில் துள்ளிய சீனப் பையனுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

வார்த்தை கப்பல் ஏறியது

சரி, யாருடைய வார்த்தை என்று அடித்துக்கொண்டதெல்லாம் போதும். அந்த வார்த்தையை யார் மேல் ஒட்டினார்கள் என்று பார்ப்போமா? இங்கேதான் கதை சீரியஸாகிறது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்க 1833-ல் சட்டம் வந்தது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். நல்ல விஷயம்தான். ஆனால் கரும்புத் தோட்டங்கள் அப்படியே இருந்தன. வெட்ட ஆள் வேண்டும். அதே 1834-ல் இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். மொரீஷியஸில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இறங்கினார்கள். அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் என்கிற துறைமுக வாசலை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மெட்ராஸிலிருந்து கிளம்பிப் போன 'ட்ரூரோ' கப்பல், 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல் இந்தியத் தொழிலாளர்களை இறக்கியது. 1911 வரை அந்த நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேர்.

இவர்கள் எல்லோருக்கும் காகிதத்தில் ஒரு நம்பர், வாயில் ஒரே பெயர்: கூலி.

சீனா பக்கம்? அபினிப் போரில் தோற்ற சீனா, 1842-ல் நான்கிங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஐந்து துறைமுகங்களைத் திறந்தது. கான்டன், அமாய், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்காய். இந்தியாவில் பழகிய வார்த்தையைக் கையோடு கொண்டுவந்தார்கள் வெள்ளைக்காரர்கள். 1847-லிருந்து 1874 வரை கியூபாவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் போனார்கள். பெருவுக்கு இன்னொரு லட்சத்தை ஒட்டி. கரும்புத் தோட்டம், ரயில் பாதை, பெருவின் தீவுகளில் மலை மலையாகக் குவிந்து கிடந்த பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டுகிற வேலை.

கியூபா ஒப்பந்தம் 8 வருஷம். மாசச் சம்பளம் 4 பெஸோ.

தெற்குச் சீன மக்கள் இந்தப் பயணத்துக்கு வைத்த பெயர் கூலி இல்லை. 'பன்றிக்குட்டி விற்கிறது' என்றார்கள்! ஆள் பிடிக்கிற ஏஜென்ட் வருவான், ஆசை காட்டுவான், கடனில் மாட்டி விடுவான், ஒன்றும் நடக்கவில்லை என்றால் கடத்துவான். கப்பல் வரும்வரை அடைத்து வைக்கிற கொட்டடிக்குப் 'பன்றிக்குட்டி வீடு' என்று பெயர். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஆவணத்தில் அதே மனிதர் 'கூலி'. ஊர்க்காரர் வாயில் 'பன்றிக்குட்டி'. யார் பார்வை நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களே முடிவு பண்ணுங்க.

1,176 வாக்குமூலங்கள்

கியூபாவில் நடப்பது பற்றிப் புகார் மேல் புகார் வரவே, சீன அரசு 1874-ல் ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. தலைவர் சென் லான்பின் என்கிற அதிகாரி. குழு சும்மா கவர்னர் மாளிகையில் டீ குடித்துவிட்டுத் திரும்பவில்லை. தோட்டங்களுக்கும், ஆளை அடைத்து வைக்கிற கிடங்குகளுக்கும், சிறைகளுக்கும் நேரில் போனது. தொழிலாளர்களைப் பேச வைத்தது. 1,176 வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. தவிர, தொழிலாளர்களே எழுதிக் கொடுத்த மனுக்கள் 85.

அறிக்கை சொன்னது என்ன? பத்தில் எட்டு, ஒன்பது பேர் விருப்பமில்லாமல் கொண்டுவரப்பட்டவர்கள். அடி, பட்டினி, சங்கிலி. எட்டு வருஷம் முடிந்தாலும் விடாமல் மறுபடி ஒப்பந்தம். தாங்க முடியாமல் தற்கொலை செய்துகொண்டவர்கள் ஏராளம். 1874-ல் மக்காவ் துறைமுகத்தில் இந்த வியாபாரம் நிறுத்தப்பட்டது. 1877-ல் சீனாவும் ஸ்பெயினும் போட்ட ஒப்பந்தம் கியூபாவுக்கான கதவையும் மூடியது.

யோசிச்சுப் பாருங்க. ஹிஸ்டரி புக்கில் 'சீனக் கூலிகள்' என்று ரெண்டு வார்த்தையில் முடிந்துபோகிற கூட்டத்தில், 1,176 பேர் தங்கள் சொந்தக் கதையைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே போன சீனர்கள் பெரும்பாலும் அடிமை ஒப்பந்தத்தில் போனவர்கள் இல்லை. கடன் வாங்கியாவது சொந்தமாக டிக்கெட் எடுத்துப் போனவர்கள். 1869-ல் முடிந்த கண்டம் தாண்டும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் பாறை உடைத்துப் போட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களுக்கும் 'கூலி' என்றே பெயர் சூட்டினார்கள். ஏன் தெரியுமா? 'கூலி' என்றால் சுதந்திரம் இல்லாதவன், குறைந்த சம்பளத்துக்கு வந்து நம்ம வேலையைப் பறிக்கிறவன் என்று பிரசாரம் செய்ய வசதி. கலிஃபோர்னியா 1862-ல் கூலி எதிர்ப்புச் சட்டம் என்று ஒன்று போட்டு, சீனர்கள் மேல் மாத வரி விதித்தது. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழையவே தடை. அது முழுசாக நீங்க 1943 ஆனது. ஒரு வார்த்தையை வைத்து ஒரு நாட்டின் கதவையே சாத்த முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஜெயிலிலிருந்து ஒரு லெட்டர்

1893-ல் ஒரு இளைஞர் வக்கீல் டர்பனில் வந்து இறங்குகிறார். லண்டனில் பாரிஸ்டர் முடித்தவர். கோட்டு, சூட்டு எல்லாம் டிப்டாப். அங்கே அவருக்குக் கிடைத்த பட்டம் 'கூலி பாரிஸ்டர்'. ஆமாம், காந்திதான். இந்திய வியாபாரி என்றால் 'கூலி வியாபாரி', இந்திய வக்கீல் என்றால் 'கூலி வக்கீல்'. வேலை என்ன என்பது முக்கியமில்லை, தோல்தான் முக்கியம்.

இன்னொரு பட்டமும் இருந்தது. 'சாமி'! ராமசாமி, முத்துசாமி என்று தமிழ்ப் பெயர்கள் 'சாமி'யில் முடிந்ததால், இந்தியர் எல்லோரையும் நக்கலாக 'சாமி' என்று கூப்பிட்டார்கள். காந்தி தன் சுயசரிதையில் எழுதுகிறார்: கொஞ்சம் தைரியம் உள்ள இந்தியர்கள் திருப்பிக் கேட்பார்களாம், 'சாமின்னா எஜமான்னு அர்த்தம். நான் உனக்கு எஜமான் இல்லையே!' என்று. செம பதிலடி இல்லே?

இதே தென்னாப்பிரிக்காவுக்கு 1904-லிருந்து 60,000-க்கும் மேற்பட்ட சீனர்களைத் தங்கச் சுரங்க வேலைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே அங்கே குடியேறியிருந்த சீன வியாபாரிகள் தனி. 1907-ல் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்டம் போட்டது. ஆசியர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், சர்ட்டிஃபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரிய வேண்டும். இந்தியர், சீனர் ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம். ரெண்டு பேரும் மறுத்தார்கள். ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

1908 ஜனவரி. ஜோஹன்னஸ்பர்க் ஜெயிலிலிருந்து அரசுக்கு ஒரு சமரசக் கடிதம் போகிறது. கட்டாயச் சட்டத்தை விலக்கிக்கொண்டால் நாங்களே விருப்பப்பட்டுப் பதிவு செய்கிறோம் என்கிற கடிதம். கீழே மூன்று கையெழுத்து. ஒன்று மோகன்தாஸ் காந்தி. ரெண்டாவது லியுங் குவின், அங்கிருந்த சீனர் சங்கத்தின் தலைவர். மூன்றாவது தம்பி நாயுடு, மொரீஷியஸில் பிறந்த தமிழர். சமரசம் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சர்ட்டிஃபிகேட்டுகளை மொத்தமாகப் போட்டுக் கொளுத்தினார்கள்.

ஒரே வார்த்தையால் ஏசப்பட்ட ரெண்டு இனத்து மனிதர்கள், ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 'இது எங்க வார்த்தை' என்று அவர்கள் சண்டை போட்டதாகத் தெரியவில்லை!

வெண்கல மெடல்

இன்னும் ஒரே ஒரு விஷயம். முதல் உலகப் போர். துப்பாக்கி பிடிக்காமல், பதுங்குகுழி வெட்டவும் குண்டு சுமக்கவும் பிணம் புதைக்கவும் சுமார் 1,40,000 சீனத் தொழிலாளர்களை பிரிட்டனும் பிரான்ஸும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. பிரான்ஸின் நுவயெல்-சுர்-மெர் என்கிற சின்னக் கிராமத்தில் இன்றும் 800-க்கும் மேற்பட்ட சீனக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. இந்தியாவிலிருந்தும் தொழிலாளர் படை போனது.

போர் முடிந்து பிரிட்டிஷ் போர் மெடல் கொடுத்தார்கள். சிப்பாய்களுக்கு வெள்ளியில். சீன, இந்தியத் தொழிலாளர் படைகளுக்கு அதே டிசைன், ஆனால் வெண்கலத்தில். குண்டு விழும்போது ரெண்டு பேர் மேலும் ஒரே மாதிரிதான் விழுந்தது. மெடல் கொடுக்கும்போதுதான் 'கூலி' ஞாபகம் வந்திருக்கிறது.

எங்கே சொல்லலாம், எங்கே கூடாது?

இப்போ மறுபடியும் நம்ம ஹாஸ்டலுக்கு வருவோம். பரீட்சை எழுதப்போகும் சீனப் பையனுக்கு ஒரு ஆபத்து காத்திருக்கிறது.

இன்றைய சீனப் பேச்சில் 'குலி' ஜாலியான வார்த்தை. ஃப்ரெண்டு ரூம் மாறும்போது பெட்டி தூக்க உதவி செய்துவிட்டு, "இன்னிக்கு நான் இலவசக் குலி!" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதையே நேரடியாக இங்கிலீஷில் போட்டால் முகம் சுளிப்பார்கள். இங்கிலீஷ் அகராதிகளில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'பழைய வழக்கு, புண்படுத்தும் சொல்' என்று எச்சரிக்கை இருக்கும். கூம்பு வடிவ மூங்கில் தொப்பிக்குக்கூட இங்கிலீஷில் 'கூலி தொப்பி' என்று பெயர் இருந்தது. இப்போது நல்ல பத்திரிகைகள் அதைத் தவிர்க்கின்றன.

நமக்கும் அதே ஆபத்து உண்டு. "எங்கப்பா கூலி வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வெச்சார்" என்று தமிழில் தலை நிமிர்ந்து சொல்லலாம். அதில் ஒரு குறையும் இல்லை, பெருமைதான் இருக்கிறது. அதையே இங்கிலீஷ் இன்டர்வியூவில் 'கூலி' என்று போடாதீங்க. தினக்கூலித் தொழிலாளி என்பதற்கு 'டெய்லி வேஜ் வொர்க்கர்' என்று சொன்னால் போதும். டர்பனிலோ, கயானாவிலோ, ட்ரினிடாடிலோ ஒரு இந்திய வம்சாவளி நண்பரிடம் விளையாட்டாகக்கூட அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதீங்க. அவர் தாத்தா காதில் விழுந்த அடி அது.

அதே சமயம், அந்த அடியையே பட்டமாக மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். மொரீஷியஸ் கவிஞர் கல் டொராபுல்லி 'கூலிட்யூட்' என்று ஒரு சொல்லையே உண்டாக்கி, கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர், 1903-ல் கல்கத்தாவிலிருந்து தனியாகக் கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிப் போய் 2013-ல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு 'கூலி உமன்'. நம்ம ஊரில் 2016 ரயில்வே பட்ஜெட்டில், ஸ்டேஷன் கூலிகளை இனி 'சகாயக்' என்று அழைப்போம் என்று அறிவித்தார்கள். 2025-ல் ரஜினி படத்துக்கே 'கூலி' என்றுதான் பெயர்! தியேட்டரில் அந்தப் பெயருக்கு விசில் பறந்தது. வார்த்தை அதேதான். யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கு.

கடைசியா...

வள்ளுவர் காலத்தில் கூலி என்றால் உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. சீனன் கைக்குப் போனபோது அதில் கசப்பும் பலமும் சேர்ந்தது. நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மட்டும்தான் ஒரு வேலை பார்த்தார்கள். சம்பளம் என்கிற அர்த்தத்தைக் கழட்டிப் போட்டுவிட்டு, ஆளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கியூபாவின் 4 பெஸோவைப் பார்த்தால், வார்த்தையில் செய்ததைத்தான் வாழ்க்கையிலும் செய்திருக்கிறார்கள் என்று புரிகிறது.

எனவே அந்த ரெண்டு ஹாஸ்டல் வாசிகளுக்கும் என் தீர்ப்பு இதுதான். தம்பி, வார்த்தை உன்னுடையது இல்லை, ஆனா அந்தக் கசப்பு உன் முன்னோர் சாப்பிட்டது. தங்கச்சி, வார்த்தையில் நமக்குப் பாதிப் பங்கு இருக்கலாம், கஷ்டத்தில் முழுப் பங்கு உண்டு. ரெண்டு பேரும் கை குலுக்கிட்டுப் போய்ப் படிங்க. நாளைக்குப் பரீட்சை!

அடுத்த வாரம் இதற்கு நேர் எதிர் முனை. சீன மொழிக்கு இங்கிலீஷில் 'மாண்டரின்' என்று பெயர் இருக்கிறதே, அது சீனச் சொல்லே கிடையாது. நம்ம கோட்டைக்குக் காரில் போகிற ஒருத்தரோடு அதற்குச் சொந்தம் உண்டு. யாரென்று கண்டுபிடிச்சு வைங்க, மீட் பண்ணுவோம்!